சப்பாத்து அறையில் ஒரு வைசாக்கி

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மெல்பேர்னின் தென்கிழக்கில் வளர்ந்து, இப்போது ஒன்றுகூடல்களில் முழங்காலைப் பற்றியும் கொலஸ்ட்ரோலைப் பற்றியும் கதைக்கத் தொடங்கியிருக்கிற உங்களுக்கு. ஏப்ரல் வந்தால் உங்கள் பிள்ளைகள் படம் அனுப்புகிறார்கள். காவிநிறத் தலைப்பாகைகள், பூவால் சோடித்த லொறி, வீதியோரம் எல்லோருக்கும் சும்மா கொடுக்கும் பூரி. நீங்களும் போய் ஒரு தட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து, சீக்கியர்கள் நல்ல மனிதர்கள் என்று சொல்கிறீர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வைசாக்கியை நான் முதலில் பார்த்தது நீங்கள் பார்க்கிற பக்கத்தால் அல்ல, வாசலில் கழற்றிவைக்கிற சப்பாத்துகளின் பக்கத்தால்.

புத்தகங்களில் அதை வசந்த விழா என்று எழுதியிருக்கும். பஞ்சாபில் கோதுமை முற்றுகிற காலமாம். எங்கள் வீதியில் அப்போது மரமெல்லாம் இலை கொட்டிக்கொண்டிருக்கும், அப்பா கூட்டி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் திரும்பவும் கொட்டியிருக்கும். பூமியின் அடிப்பக்கத்தில் வந்து குடியேறினால் எல்லோருடைய வசந்தத்துக்கும் இதுதான் கதி.

நாங்கள் அப்போது கிளென் வேவர்லியில் வாடகைக்கு இருந்தோம். நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வேண்டும் என்று அப்பா தேடிப் பிடித்த செங்கல் வீடு. குசினியில் நான்கு அடுப்பு, எரிவது இரண்டு. பள்ளிக்கூடம் நல்லது என்பதால் அடுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம். பஞ்சாபிலிருந்து நேரே வந்தவர்கள் இல்லை, மலேசியாவிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு அன்ரியின் அப்பா ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாடு வளர்த்துப் பால் விற்றவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அன்ரிக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் அது அவருடைய தமிழ், அம்மாவுடையது வேறு. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு "கதிரையிலை இருங்கோ" என்றால் அன்ரி நின்றபடியே யோசிப்பார். அன்ரி வேலியால் எட்டி "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று கேட்டால், காலைச் சாப்பாட்டுக்கு இப்படியும் ஒரு பேரா என்று அம்மா சிரிப்பை அடக்குவார். இரண்டு பேரும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து ஒரு உறவுக்காரர். அம்மாவின் அப்பா, அதாவது எங்கள் அம்மப்பா, யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார். யுத்தத்தில் பாதை பூட்டியிருந்ததால் அந்தச் செய்தி கொழும்புக்கு வந்து சேரவே நாள் எடுத்திருந்தது. செல்லடி நடந்துகொண்டிருந்தபடியால் சுடலைக்குப் போனது நாலைந்து பேர்தானாம். பறை இல்லை, பந்தல் இல்லை. அம்மா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு "சரி, வைக்கிறன், உங்களுக்குக் காசு ஓடும்" என்று வைத்துவிட்டு, எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பாண் வெட்டித் தந்தார்.

அம்மா அழவில்லை. "உங்கட அம்மா கெட்டிக்காரி. தாங்கிவிட்டா" என்று அப்பா என்னிடமும் தம்பியிடமும் பெருமையாகச் சொன்னார். அப்பா நல்ல மனிதர். ஆனால் மனிசி பேசாமல் இருந்தால் அவள் சுகமாக இருக்கிறாள் என்று நம்பும் தலைமுறை அது.

துடக்கு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. சுவாமி அறையில் விளக்கு வைக்கக்கூடாது. நல்ல காரியத்துக்கு ஒருவர் வீட்டுக்கும் போகக்கூடாது. அவர்கள் வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள். அந்த முறை சித்திரை வருடப் பிறப்பும் அந்த நாட்களுக்குள்தான் வந்தது. எங்களுக்குத் தலையில் வைத்துக் குளிக்க மருத்துநீரும் இல்லை, புது உடுப்பும் இல்லை. தம்பி அதற்காக அழுதான். வீட்டில் அழுத ஒரே ஆள் அவன்தான்.

இந்தச் சட்டங்களை எங்களுக்கு நடத்தியவர் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. ஸ்பிரிங்வேலில் இருந்துகொண்டு தொலைபேசியாலேயே மூன்று நான்கு குடும்பங்களை ஆட்சி செய்தவர். செய்தி வந்த அன்று அவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "சுவாமி அறைக்குத் திரை போட்டிட்டியோ?"

அதற்கு முன் அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்துக்குப் போய் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவார். அவர் வெட்டிய கத்தரிக்காய்த் துண்டுகளை மற்ற அன்ரிமார் எடுத்து, எல்லாம் ஒரே அளவா என்று ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். இப்போது அதுவும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் அப்பாவின் பேரில் ஒரு பிடி சோறாவது சமைத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கவேண்டும். செத்தவீட்டுக்குப் போக முடியாத மகள் வேறு என்ன செய்வது? பெரியம்மாவிடம் கேட்டார். தொலைபேசிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் பதில் கேட்டது.

"உனக்கென்ன விசரோ? துடக்கு வீட்டுச் சோத்தை ஆர் தின்னப்போகினம்? முப்பத்தொண்டு முடியட்டும். பேந்து பாப்பம்."

முதல் வாரம் ஆட்கள் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் முதல் வாரத்தில் கெட்டிக்காரர்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. அம்மா எங்களுக்குச் சமைத்தார், தான் சாப்பிடவில்லை. தேத்தண்ணியும் பிஸ்கற்றும்தான். கை மெலிந்து, காப்பு முழங்கை வரை போய்விட்டு வந்தது. அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அன்ரி ஒரு வெற்று ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பருப்போடு வந்து கதவைத் தட்டினார். எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் மூடியே இருந்ததைப் பார்த்து, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நினைத்திருந்தார். அம்மாவும் "ஓம், கொஞ்சம் சுகமில்லை" என்றார். செத்தவீடு என்று சொல்லியிருந்தால் இந்த ஒரு ஆளும் வராமல் போய்விடுவார் என்று பயந்திருக்கவேண்டும். அது எனக்கு இப்போது விளங்குகிறது.

"வைசாக்கி வருது அக்கா. எங்க குருத்வாராவுல இப்பவே வேல ஆரம்பிச்சாச்சு. ஆளு பத்தல. ஞாயித்துக்கிழம என்கூட வாங்க லா. சும்மா வீட்டுலயே உக்காந்து என்னா செய்யப் போறீங்க?"

அம்மா முடியாது என்று சொல்ல வாய் திறந்தார். "ஓம்" என்று வந்தது. வீட்டை விட்டு வெளியே போகவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்த "ஓம்" வந்த வேகத்தில் தெரிந்தது.

பிறகு இரண்டு நாள் தனக்குள்ளேயே வழக்காடினார். அது நம்முடைய கோயில் இல்லை. ஆனால் கோயில் கோயில்தானே? கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தார். போகலாம், உள்ளே போகக்கூடாது. அப்பாவிடமும் அப்படியே சொன்னார். அப்பா, "அண்ணிக்குத் தெரியாமல் பாத்துக்கொள்" என்றார்.

அந்தக் குருத்வாரா அப்போது தகரக் கூரை போட்ட ஒரு பழைய மண்டபம். முன்னால் புல்வெளி, அதில் காவித் துணி சுற்றிய கொடிமரம். வாசலால் ஏறியதும் முதலில் வருவது சப்பாத்து அறை. சுவர் முழுக்க மரத்தட்டுகள், இருந்து சப்பாத்துக் கழற்ற ஒரு நீள மர வாங்கு, தலை மூடாமல் வந்தவர்களுக்காக ஒரு கூடை நிறையத் துணிகள். அதைத் தாண்டி ஒரு கதவு. கதவுக்கு அப்பால் கம்பளம், ஆர்மோனியம், நெய்யில் மா வறுபடும் வாசம். அம்மா அந்த அறையிலேயே நின்றுவிட்டார்.

"நான் இதிலையே இருக்கிறன். இதிலை ஏதும் வேலை இருந்தால் தாங்கோ."

அன்ரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "இதுவா? இதையா செய்றேங்கறீங்க?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினார். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே போனார். அந்த அழுத்தல் எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அறையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. ஒவ்வொரு சப்பாத்தாக எடுத்து, துணியால் துடைத்து, தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்.

"பாவம், இந்த வயசிலை. பிள்ளையள் பாக்கிறேல்லைப் போல."

பாவம் பார்த்ததோடு அம்மா நின்றிருந்தால் அது அம்மா இல்லை. அரை மணி நேரத்தில் அவரை மேய்க்கத் தொடங்கிவிட்டார். பெரியவர் சப்பாத்துகளை வந்த ஒழுங்கில் வைத்தார், அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தட்டு என்று பிரித்தார். பெரியவர் ஒரு சோடியைத் தவறான தட்டில் வைத்தால், "உது அதிலை இல்லை, இஞ்சை" என்று தமிழிலேயே அதட்டினார். அவரும் "ஹாஞ்ஜி" என்று எடுத்து மாற்றி வைத்தார். அன்ரி இதையெல்லாம் கதவிடுக்கால் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

அடுத்த ஞாயிறு அம்மா சப்பாத்துகளுக்கு அடையாள வில்லைகள் கொண்டுபோனார். பருப்பு வந்த ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைக் கத்தரித்து, பேனாவால் இலக்கம் எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒன்று சப்பாத்துக்குள், மற்றது ஆளின் கையில். "அப்பான்ர கந்தோரிலை கடிதம் பிரிக்கிற தட்டெல்லாம் இப்பிடித்தான் இலக்கம் போட்டிருக்கும்" என்றார். அம்மப்பா தபால் கந்தோரில் அதிபராக இருந்தவர். அந்த மாதம் முழுக்க அம்மா அவரைப் பற்றித் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். அந்த வில்லைகளில் ஒன்று என்னிடம் நெடுநாள் இருந்தது, எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியாது. ஊதா மையில் எழுதிய இலக்கமும், கழுவியும் போகாத வனிலா மணமும் ஞாபகம் இருக்கின்றன.

மணங்கள்தான் அந்த அறை. டாக்சி ஓட்டுபவர்களின் சப்பாத்தில் பெற்றோலும் வியர்வையும். ஆஸ்பத்திரித் தாதிமாரின் வெள்ளைச் சப்பாத்தில் மருந்து. தோட்டம் செய்பவர்களின் பூட்ஸில் சேறு, அதற்குள் ஒட்டிக்கொண்டு வரும் கீரை இலை. மழை பெய்தால் எல்லாம் சேர்ந்து ஈர நாய் மாதிரி மணக்கும். அம்மா ஒரு தரமும் மூக்கைச் சுளிக்கவில்லை. வீட்டில் எங்கள் காலுறைகளைக் கம்பால் தூக்கிப் போடுகிறவர் அவர்.

என்னை மட்டும் உள்ளே போக விட்டார். "குழந்தைப்பிள்ளைக்கு என்ன துடக்கு" என்று அதற்கு ஒரு சட்டம் தானே போட்டுக்கொண்டார். நான் தரையில் வரிசையில் இருந்து, இரண்டு கையையும் ஏந்தி ரொட்டி வாங்கி, பருப்போடு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வெளியே வந்ததும் அம்மா விசாரிப்பார்.

"எத்தினை பேர் இருந்தவை?"

"நிறையப் பேர்."

"ஆர் பரிமாறினது? இருந்த எல்லாருக்கும் குடுத்தவையோ? திரும்பக் கேட்டாலும் குடுக்கினமோ?"

அவருக்கென்று யாராவது தட்டுக் கொண்டுவந்தால், "விரதம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். விரதம் என்றால் அவர்கள் வற்புறுத்த மாட்டார்கள். பொய்தான். ஆனால் அம்மா தன்னைத் தானே வெளியே வைத்துக்கொண்டதில் ஒரு நேர்மை இருந்தது. தெரியாத மனிதர்களை ஏமாற்றக்கூடாது, அவர்களின் சுவாமியைத் தீட்டாக்கக்கூடாது, இருந்தாலும் ஒரு மூலையில் நின்று யாருக்காவது ஏதாவது செய்யவேண்டும். அவருக்குத் தெரிந்த ஆகக் கீழான வேலை, கோயிலுக்கு ஆக வெளியே இருக்கிற வேலை, சப்பாத்துத் துடைப்பது.

வைசாக்கிக்கு முதல் நாள் பெரியம்மாவுக்குக் கதை போய்விட்டது. எங்கள் ஆட்களில் யாரோ அந்தப் பக்கத்தால் போனபோது கண்டிருக்கிறார்கள். அப்பா தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சீக்கியற்ரை கோயில் வாசல்லை இருந்து செருப்புத் துடைக்கிறாளாம்! துடக்கோடை! எங்கட குடும்பத்தை ஆரும் மதிப்பினமோ இனி?"

அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தார். அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் வெட்கப்பட்டிருந்தார்.

"சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போனதெண்டு சனம் கதைக்கப்போகுது. நாளைக்குப் போகவேண்டாம்."

அம்மா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"கோயிலுக்குப் போகாதையெண்டு சொன்னவை, போகேல்லை. சமைக்காதையெண்டு சொன்னவை, சமைக்கேல்லை. அப்பான்ர முகத்தைப் பாக்கவும் குடுத்து வைக்கேல்லை. நான் ஒருத்தற்ரை உள்ளுக்கும் போகேல்லை, வெளியிலைதான் இருக்கிறன். வெளியிலை இருக்கிறதுக்கும் உங்களிட்டைக் கேக்கவேணுமோ?"

மற்ற நாள் காலை எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது அப்பாதான்.

வைசாக்கி அன்று குளிர். புல்லெல்லாம் பனி. அந்த ஈரப் புல்லில் நூற்றுக்கணக்கான பேர் வெறுங்காலோடு நின்றார்கள். காவி உடுப்புப் போட்ட ஐந்து பேர், கையில் வாளோடு முன்னால். கொடிமரத்தை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஒரு வருட வெயிலில் வெளுத்த பழைய துணியை அவிழ்த்தார்கள். பாலும் தண்ணீரும் ஊற்றிக் கொடிமரத்தைக் கழுவ, பிள்ளைகளும் கிழவர்களும் முண்டியடித்துக்கொண்டு கை வைத்தார்கள். நான் சப்பாத்து அறையின் வாசற்படியில் நின்று பார்த்தேன். எனக்குப் பின்னால் தட்டுகள் நிறைந்து, வாங்கு நிறைந்து, தரையெல்லாம் சப்பாத்து. அம்மா அதற்கு நடுவில் குந்தியிருந்து சோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

அன்ரி புல்வெளியிலிருந்து ஓடிவந்தார். மஞ்சள் துப்பட்டா, மூச்சு வாங்கியது.

"அக்கா, வாங்க வாங்க! புதுத் துணி கட்டப் போறாங்க. நீங்களும் ஒரு மொன பிடிக்கணுமாம். கமிட்டி சொல்லிருச்சு."

"நானோ?"

"ஆமா லா, நீங்கதான். இத்தன வாரமா செருப்பு பாத்தீங்க இல்ல?"

"சப்பாத்துத் துடைச்சவளைக் கொடி பிடிக்க ஆரும் கூப்பிடுவினமோ? பகிடி விடாதேங்கோ."

அன்ரி சிரித்தார். "செருப்பு பாக்கறவங்களத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. எங்களுக்கு இதுக்கு மேல சேவ ஒண்ணும் இல்ல. வர்றவங்க கால் தூசி நம்ம நெத்தியில படணும்னு வேண்டிக்குவோம். இந்த அங்கிளு யாருன்னு நெனச்சீங்க? கமிட்டித் தலைவரு. பெரிய டாக்டரு. செருப்ப யாருக்கும் விட்டுத்தர மாட்டாரு, நீங்க வந்தப்புறம்தான் பாதி எடம் விட்டாரு."

அம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தன் கையிலிருந்த சப்பாத்தைக் காட்டி, இது எந்தத் தட்டு என்று கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் மாறியது. ஆனால் அவரை அதட்டிய வெட்கம் இல்லை அது.

"அப்ப இந்த அறை?" என்று கேட்டார். "இது கோயிலுக்கு உள்ளுக்கோ, வெளியிலையோ?"

"உள்ளதான் லா. வேற எங்க?"

"அப்ப நான் இவ்வளவு நாளும் உள்ளுக்கையே இருந்தனான்?"

அன்ரிக்குக் கேள்வி விளங்கவில்லை. அம்மா எழும்பினார், பிறகு வாங்கில் கிடந்த சப்பாத்துகளைத் தள்ளிவிட்டு இருந்தார். அவருக்குக் கோபம் வந்தது. நான் அவரை அப்படிக் கோபமாகக் கண்டது குறைவு.

"முதலே சொல்லியிருக்கலாமே! நான் வெளியிலை எண்டெல்லோ இருந்தனான்! துடக்கோடை வந்து உங்கட கோயிலுக்குள்ளை..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "துடக்கு எண்டு சொல்லு அவவுக்கு. இங்கிலீசிலை சொல்லு."

நான் முயன்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஊத்தை என்றேன், பிறகு சாவு என்றேன். கடைசியில் அம்மாவே சொன்னார்.

"என்ர அப்பா செத்தவர். இன்னும் முப்பத்தொண்டு முடியேல்லை. எங்களுக்கு அது துடக்கு. கோயிலுக்குள்ளை வரக்கூடாது. கொடியைத் தொடவே கூடாது."

"தீட்டு" என்றார் அன்ரி மெதுவாக. தோட்டத்தில் கேட்டிருப்பார். பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அவருக்குக் கேட்டது அதற்கு முதல் சொன்னதுதான்.

"உங்க அப்பா செத்துட்டாரா? எங்கிட்ட சொல்லவே இல்லையே அக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

சொல்லிக்கொண்டே அன்ரி தரையில், சப்பாத்துகளுக்கு நடுவே, அப்படியே இருந்து அழத் தொடங்கினார். கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை, வாய் விட்டு அழுதார். அம்மாவின் அப்பாவை அவருக்குத் தெரியாது. படம்கூடப் பார்த்ததில்லை. அம்மா திகைத்துப்போய் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் இருந்தார். தொலைபேசி வந்த நாளிலிருந்து அம்மா அழாத அழுகை எல்லாம் அப்போது வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு எனக்குக் கோபமாகவும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வந்துபோனார்கள்! திரை போட்டாயா என்று கேட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு எந்தத் திகதியில் என்று கேட்டார்கள். ஒருவரும் அவர் பக்கத்தில் இருந்து அழவில்லை. எல்லோருக்கும் துடக்குத்தான் தெரிந்தது.

பெரியவர் அன்ரியிடம் பஞ்சாபியில் ஏதோ கேட்டார், அன்ரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். பெரியவர் கையிலிருந்த சப்பாத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். வெளியே புல்வெளியில் துணி கட்டத் தயாராகி, யாரோ இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொடியை மட்டும் கேக்காதேங்கோ" என்றார் அம்மா, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. "எனக்கு மனம் வராது."

பெரியவர் வற்புறுத்தவில்லை. அன்ரி மூலம் வேறொன்று கேட்டார். இப்போது பிரார்த்தனை சொல்லப்போகிறார்கள். காலமானவர்களின் பேரையும் அதில் சேர்ப்பார்கள். உங்கள் அப்பாவின் பெயர் என்ன?

அம்மா தன் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதேயில்லை. எங்களுக்கு அவர் அம்மப்பா, அம்மாவுக்கு அப்பா, ஊருக்குத் தபால் மாஸ்டர். அம்மாவின் பெயருக்குப் பின்னால் வருவது என் அப்பாவின் பெயர்தான், அவர் அப்பாவுடையது கலியாணத்தோடு போய்விட்டது. அம்மப்பாவுக்கு இதெல்லாம் தவிர வேறொரு பெயர் இருக்கும் என்று நான் யோசித்ததும் இல்லை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஊரின் பெயரில் தொடங்கி, அம்மப்பாவின் அப்பாவின் பெயர், அம்மப்பாவின் பெயர், முன்னாள் தபால் அதிபர் என்று, மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி முழுவதும் சொன்னார். அப்படி ஒரு அறிவித்தல் அவருக்காக எந்த வானொலியிலும் போகவில்லை, எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அன்ரி அதை ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சரி என்று அம்மா தலையாட்டினார். பெரியவர் வெறுங்காலோடு புல்லில் விறுவிறு என்று நடந்து போனார்.

சப்பாத்து அறையின் மூலையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது, மைக்கில் சொல்வது வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்பதற்காக. அதில் பிரார்த்தனை வந்தது. அம்மா எழும்பி நின்றார். எல்லோரும் நின்றார்கள். எங்களுக்கு விளங்காத பஞ்சாபி, நெடுநேரம். அதற்கு நடுவே திடீரென்று எங்கள் ஊரின் பெயர். பிறகு அம்மப்பாவின் பெயர், முழுதாக. சொல்லி முடித்ததும் வெளியே நின்ற அத்தனை பேரும் ஒன்றாக "வாஹேகுரு" என்றார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

நாலைந்து பேர் சுடலைக்குக் கொண்டுபோன மனிதருக்கு, அவர் காணாத நாட்டில், அவரைத் தெரியாத இத்தனை பேர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அன்றைக்குச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லப்பட்டுவிட்டது.

"கேட்டனியே?" என்றார் அம்மா.

"ஓம்."

"அதுதான் அம்மப்பான்ர பேர். சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே புதுத் துணி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ரொட்டி சுடும் வாசமும் பருப்புத் தாளிக்கும் வாசமும் வந்தன. அம்மா வாங்கில் போய் இருந்து, காப்பை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"உள்ளுக்கை போய் எனக்கும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வா" என்றார். "பசிக்குது."